எல்லாக் குழந்தைக்கும் 24

எங்கள் வார்டில் ஒரு காலத்தில் எல்லாக் குழந்தைகளும் நிமிடத்துக்கு 24 தடவைதான் மூச்சு விட்டார்கள். நிமோனியா என்று சேர்த்த ஒன்றரை வயதுப் பையனுக்கு 24. கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த பதினோரு வயதுப் பெண்ணுக்கும் 24. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் காலை 6 மணி, 10 மணி, மதியம் 2 மணி, மாலை 6 மணி என்று வரிசையாக 24, 24, 24, 24. அதில் பாதி என் கையெழுத்து.

யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். நாடியை விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரே காட்டிவிடும். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் நின்று, கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு பேர் முப்பது கட்டிலைப் பார்க்கிற வார்டில் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் காணாமல் போகும். 24 என்பது நாலைந்து வயதுப் பிள்ளைக்குச் சரியான எண் என்பதால் ரவுண்ட்ஸில் யாரும் கேள்வியும் கேட்பதில்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 19 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பெரும்பாலும் குழந்தைகள் வார்டுதான். சேர்த்த குழந்தை மோசமாகப் போவதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். ‘எந்த நேரத்தில்?’ என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒவ்வொரு நேரமும் ஒவ்வொன்றை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. எது மறைகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்களிடம் குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் கிடையாது. ரொம்ப முடியவில்லை என்றால் மதுரைக்குத்தான். திருப்பத்தூர் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ரோடு காலியாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து நாங்கள் போனதில்லை. பெரிய நகரத்தில் மூச்சு நிற்கப்போகிறது என்று தெரிந்த நிமிடத்தில் மேல்மாடி ஐசியூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். நாங்கள் அதைக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் ஏற்றும்போது குழந்தை பயணத்தைத் தாங்குகிற நிலையில் இருக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்த மாசம், வார்டில் பாதிக் கட்டில் டெங்கு. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பல வருஷத்தில் பதினொரு மாசம் பூட்டித்தான் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். நடுவில் வானம் பார்த்த வளவு, அதில் கவிழ்க்காமல் விட்ட அண்டாவும் கல்தொட்டியும். மழைத் தண்ணீர் தெளிவாகத் தேங்கி நிற்கும். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். தெருவெல்லாம் புகை அடித்துவிட்டுப் போவார்கள், பூட்டின கதவுக்குள் யார் போவது? இது ஆஸ்பத்திரிக் கதை இல்லை என்றாலும் ஒவ்வொரு ஐப்பசியும் எனக்கு இந்தக் கோபம் வரும்.

அன்றைக்கு எனக்கு மதிய ட்யூட்டி. 2 மணிக்கு ஓவர் எடுத்தேன், காலை ட்யூட்டி சிஸ்டரிடமிருந்து பொறுப்பை வாங்கினேன். ‘எட்டாம் கட்டில், நாலு வயசுப் பையன், டெங்கு, இன்னைக்கு நாலாவது நாள். காய்ச்சல் விட்டுருச்சு. தூங்குறான்.’ எனக்கும் நிம்மதி. முந்தின நாள் முழுக்க 102.6-க்குக் கீழே இறங்காத பையன். அவன் அப்பத்தா பள்ளத்தூரிலிருந்து பிளாஸ்கில் நிலவேம்புக் குடிநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ‘காச்ச விட்டுருச்சுல்ல, எப்ப வீட்டுக்கு விடுவிய?’ என்று கேட்டார்.

அவன் அம்மாதான் என் பின்னாலேயே வந்தது. ‘சிஸ்டர், காச்ச விட்டுருச்சு. ஆனா எம்புள்ள மாதிரியே இல்ல. கூப்புட்டா முழிக்கிறான், பேசுறான். ஆனா என்னமோ மாதிரி இருக்கு.’

நான் சொன்னேன்: ‘நாலு நாளாத் தூங்காத புள்ளம்மா. தூங்கட்டும் விடு.’

இந்த வாக்கியத்தைத் திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்வேன். சார்ட்டில் ‘காய்ச்சல் இல்லை, தூங்குகிறான்’ என்று எழுதினேன். மூச்சு 24.

மூணேகாலுக்கு ட்ரிப் பாட்டிலை மாற்றப் போனேன். போர்வை விலகி அவன் பாதம் என் கையில் பட்டது. ஐஸ். மழைக்காலம், ஃபேன் ஓடுகிறது என்று ஒரு கணம் மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. முழங்கால் வரை தடவிப் பார்த்தேன், அங்கேயும் சில்லென்று இருந்தது. நெஞ்சில் விரலை வைத்து ஐந்து நொடி அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். நாலு எண்ணியும் வெளுப்புப் போகவில்லை. நாடி 132. பிரஷர் 92-க்கு 74.

92 என்ற எண் என்னை ஏமாற்றியிருக்கும். ஒன்றிலிருந்து பத்து வயது வரை மேல் பிரஷருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டினால் வருவதற்குக் கீழே இறங்கக் கூடாது. நாலு வயதுக்கு 78. அப்படிப் பார்த்தால் 92 நல்ல பிரஷர். ஆனால் டெங்குவில் பார்க்க வேண்டியது மேல் எண்ணை இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. 92-க்கும் 74-க்கும் நடுவில் 18. அது 20-க்கு வந்துவிட்டாலே குழந்தை ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலையில், இருக்கிறது என்று அர்த்தம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகிறது, உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்துக் கீழ் எண்ணைத் தூக்கி வைத்திருக்கிறது. குழந்தையின் உடம்பு இப்படிக் கடைசி வரை சமாளிக்கும். மேல் பிரஷர் விழுகிறபோது சமாளிக்க அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அதுவரை கண்ணைத் திறந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்கும், பெயர் கேட்டால் சொல்லும்.

நாடியும் அதே கதையைத்தான் சொல்லியிருந்தது, எனக்குத்தான் காது இல்லை. முந்தின நாள் 102.6 காய்ச்சலில் 128. இப்போது 98.4, தூக்கம் வேறு. காய்ச்சல் ஒரு செல்சியஸ் டிகிரி குறைந்தால் நாடி ஏறக்குறைய 10 குறைய வேண்டும். அவனுக்கு ஃபாரன்ஹீட்டில் நாலு, செல்சியஸில் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தது. நாடி நூற்றுச் சொச்சத்துக்கு வந்திருக்க வேண்டும், தூங்குகிறபோது அதற்கும் கீழே. அது ஏறியிருந்தது. டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான். அது 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள் நான். அன்றைக்கு அந்த அப்பத்தாவுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம்தான்.

காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி, வயிற்று வலி என்று முனகியது, எட்டு மணிக்கு மேல் ஒண்ணுக்கே போகாதது, எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ‘தட்டணு எவ்வளவு?’ என்றுதான். ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற பி.சி.வி. பார்த்தோம். சேர்க்கும்போது 35, இப்போது 44. முதல் அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே ரத்தம் கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். இது அதையும் தாண்டிவிட்டது. டாக்டர் ஓடி வந்தார். எடைக்குக் கணக்குப் போட்டு ட்ரிப்பை வேகமாக இறக்கினோம். கை கொஞ்சம் சூடானதும் ஆம்புலன்ஸ். நான்தான் கூடப் போனேன்.

திருப்பத்தூர் தாண்டினதும் பையன் முனகினான்: ‘அம்மா, ஒண்ணுக்கு வருது.’ வண்டியில் நானும் அவன் அம்மாவும் அழுத அழுகையைப் பார்த்து டிரைவர் பயந்து ஓரம் கட்டிவிட்டார். சிறுநீர் வருகிறது என்றால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ‘ஒண்ணுமில்லண்ணே, போங்க’ என்றேன். ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

மதியம் 2 மணி மறைப்பது இதைத்தான்: சாப்பாடு முடிந்த நேரம், வெக்கையில் எல்லாரும் தூங்குகிற நேரம், ஒரு ஷிஃப்ட் போய் இன்னொன்று வருகிற நேரம். இப்போது எங்கள் வார்டில் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓவர் கொடுப்பது கிடையாது. போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போகிறோம். இருப்பதில் மோசமான மூன்று குழந்தைகளை இரண்டு பேரும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை, பாதம், நெஞ்சு அழுத்தம், மூச்சு. பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

காலை நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது எல்லாரையும் நோயாளியாகக் காட்டுகிற நேரம். ரத்தம் எடுக்க வருவார்கள், ஊசி மாற்றுவார்கள், ரவுண்ட்ஸ், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே ஒப்பாரி. அழுகிற குழந்தைக்கு நாடி 170, மூச்சு 60 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. எழுதினால் ‘அழுகையில் எண்ணியது’ என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நான் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று முதலில் பார்ப்பது. அப்புறம் சட்டையைத் தூக்காமல், தொடாமல் மூச்சு எண்ணுவது. அதற்கப்புறம் நாடி. தெர்மாமீட்டரும் பிரஷர் பட்டியும் கடைசி. கைக்குழந்தை என்றால் பால் குடித்து அடங்கிய பிறகு அம்மா மடியிலேயே எண்ணிக்கொள்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை ஸ்டேஷன் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேக மூச்சு.

காலையில் இன்னொன்று நல்லது, அம்மாக்களிடம் பேச முடியும். சளி இழுக்கிற கைக்குழந்தை என்றால் நான் மானிட்டரை விட்டுவிட்டுப் பாலைப் பற்றித்தான் கேட்பேன். ‘எப்பவும் ஒரே மூச்சுல குடிப்பான் சிஸ்டர், இன்னைக்கு விட்டு விட்டுக் குடிக்கிறான், நெத்தியெல்லாம் வேர்க்குது’ என்று ஒரு ஆத்தா சொன்னால், அந்தப் பிள்ளை மூச்சு விடுவதா பால் குடிப்பதா என்று தவிக்கிறது. வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்கு வந்துவிட்டால் அன்று ராத்திரிக்கு நான் ஆள் கேட்டு வைத்துவிடுவேன்.

சாயங்காலம்தான் எனக்குப் பிடிக்காத நேரம். ஐந்திலிருந்து ஏழு வரை வார்டு திருவிழா மாதிரி இருக்கும். ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர், சீயமும் கந்தரப்பமும் தூக்கு வாளியில் வந்து இறங்கும். உடம்புச் சூடு இயல்பாகவே மாலையில்தான் உச்சத்துக்குப் போகும், அதனால் எல்லாருக்கும் காய்ச்சல் ஏறும். எட்டுப் பேரும் ‘சிஸ்டர், காச்ச, காச்ச’ என்று கூப்பிடுவார்கள். டாக்டருக்கு மாலை ஓ.பி., அங்கே கூட்டம். ஓ.பி.யிலிருந்து புது அட்மிஷன் இரண்டு, மூன்று வரும். கூப்பிடுகிறவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறபோது கூப்பிடாத ஒரு கட்டில் மூலையில் இருக்கும். கூட ஒரே ஒரு அம்மா, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு. வயிற்றுப்போக்கில் கண் குழிவிழுந்து போன பிள்ளையை நான் அப்படி ஒரு மூலையில்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. ஓ.ஆர்.எஸ். கரைத்த டம்ளர் மதியத்திலிருந்து நிறைந்தபடி பக்கத்தில் இருந்தது. பிள்ளை குடிக்க முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தது. ‘குடிக்க மாட்டேங்கிறான், பிடிவாதம்’ என்று அந்த அம்மா நினைத்திருக்கிறது.

அதனால் மாலையில் மட்டும் எதிர்த் திசையில் சுற்றுவேன். யாருமே கூப்பிடாத கட்டிலிலிருந்து தொடங்கி, சத்தமான கட்டிலில் முடிப்பேன். திட்டு விழும். விழட்டும்.

ராத்திரியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

2017-ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே இதயம் நின்றுபோகிற குழந்தைகளில், பகலிலும் மாலையிலும் நின்றவர்களைவிட ராத்திரியில் நின்றவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போவது குறைவு. அத்தனை வசதி இருக்கிற இடத்திலேயே அப்படி என்றால் நம் கதையைச் சொல்ல வேண்டாம். குழந்தைக்கு இதயம் தானாகவே நிற்பது அபூர்வம். பெரும்பாலும் முதலில் மூச்சோ ரத்த ஓட்டமோ மணிக்கணக்காகத் தடுமாறி, அதன் முடிவில்தான் இதயம் நிற்கும். அந்த மணிக்கணக்கை இருட்டும் போர்வையும் தூக்கமும் மூடி வைத்துவிடும்.

மார்கழி. ஏழு வயதுப் பெண், ஆஸ்துமா. பதினொரு மணிக்கு நெபுலைசர் வைக்கும்போது வாசலில் நின்றாலே அந்த வீசிங் கேட்டது. மூன்றரைக்கு வார்டு ஆயாம்மா வந்து, ‘அந்தப் புள்ள இழுப்பு நின்னுருச்சு, நல்லா அசந்து தூங்குது’ என்றார். நான் ஊசி மருந்து கலந்துகொண்டிருந்தேன். பழைய நான் என்றால் ‘அப்பாடா’ என்றிருப்பேன். எட்டாம் கட்டிலுக்குப் பிறகு நல்ல செய்தி கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

போய்ப் போர்வையை விலக்கினேன். படுத்திருக்கவில்லை, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண் மூடியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. ஸ்டெத்தை வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. வீசிங் வரக்கூட அந்த நெஞ்சுக்குள் காற்று போகவில்லை. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 93 காட்டியது, மாஸ்கில் 6 லிட்டர் ஆக்சிஜன் ஓடும்போது. வெறும் காற்றில் 93 என்பது வேறு, 6 லிட்டரில் 93 என்பது வேறு. எத்தனை லிட்டர் என்று எழுதாத சாச்சுரேஷனை நான் இப்போது ஏற்றுக்கொள்வதே இல்லை. ‘பேரு என்னத்தா?’ என்றேன். பெயரில் பாதிதான் வந்தது, மிச்சத்துக்கு மூச்சு இல்லை.

ஆஸ்துமாவுக்கு அந்த நேரம் கெட்ட நேரம். நள்ளிரவை ஒட்டி உடம்பில் வீக்கத்தை அடக்குகிற கார்டிசால் ஹார்மோன் மிகக் குறைவாக இருக்கும், விடியற்காலை நாலு மணி வாக்கில் மூச்சுக்குழாய் இயல்பாகவே சுருங்கும். உடம்புச் சூடும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். பார்க்கிற எங்களுக்கும் அதே நாலு மணிதான். கண் எரியும், கால் கடுக்கும், ‘ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்’ என்று மூளை கெஞ்சும். நோய்க்கும் நர்ஸுக்கும் ஒரே நேரத்தில் பள்ளம்.

டாக்டர் வந்து, தொடர்ந்து நெபுலைசர், ஊசி, மெக்னீசியம் ட்ரிப் என்று ஓடியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வீசிங் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அது கேட்டு நாங்கள் சிரித்தோம். ‘இழுக்குதே, எதுக்கு சிரிக்கிறிய?’ என்று அவள் அம்மாவுக்குக் கோபம்.

ராத்திரி நான் செய்வது இவ்வளவுதான். மங்கல் மஞ்சள் விளக்கில் உதடு நீலமா என்று தெரியாது, அதனால் வெள்ளை டார்ச்சில் நாக்கைப் பார்ப்பேன். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் கால்மாட்டிலிருந்து கொண்டுபோவேன், இல்லாவிட்டால் எழுந்து அழுது எண்ணிக்கை கெட்டுவிடும். போர்வையை விலக்காமல் மூச்சு எண்ணுவது கிடையாது. ஆக்சிமீட்டர் விரல் சில்லென்று இருந்தாலோ மருதாணி அப்பியிருந்தாலோ கால் விரலுக்கு மாற்றுவேன். கருத்த தோலில் அது கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் 94-ஐ நான் முழுசாக நம்புவதில்லை. தூங்குகிற நாலு வயதுப் பிள்ளைக்கு நாடி நூறைத் தாண்டக் கூடாது. பகலில் 120 என்றால் ஓடியாடினான் என்று விட்டுவிடலாம், ராத்திரி 2 மணிக்கு 120 என்றால் அவன் படுத்துக்கொண்டே ஓடுகிறான்.

எல்லாவற்றையும்விட, தொந்தரவு செய்து பார்ப்பேன். நல்ல தூக்கத்தில் இருக்கிற பிள்ளை அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் கையை உதறும், திரும்பிப் படுக்கும், ஏதோ திட்டும். எதைச் செய்தாலும் விட்டுக்கொடுக்கிற பிள்ளைதான் பயம். ஊசிக்கு அழாத பிள்ளையைச் சமர்த்து என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் அந்தச் சமர்த்து வேண்டாம்.

எங்கள் வார்டில் 24-ஐ ஒழித்தது ஒரு இளம் குழந்தை டாக்டர். மூன்று வரிசை உள்ள ஒரு சார்ட்டைக் கொண்டுவந்தார்: நடத்தை, ரத்த ஓட்டம், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து 3 வரை மதிப்பெண். 2005-ல் இங்கிலாந்தில் பிரைட்டனில் ஒரு நர்ஸ் வெளியிட்ட முறையை ஒட்டியது. கூட்டல் எவ்வளவு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கீழே எழுதியிருக்கும். இப்படிப்பட்ட சார்ட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 21 ஆஸ்பத்திரிகளில் இதே வகையான ஒரு சார்ட்டை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2018-ல் வந்தது, இறப்பு குறையவில்லை. காகிதம் போய் மூச்சை எண்ணாது. ஆனால் எனக்கு அது வேறொன்றைக் கொடுத்தது. நடத்தை என்று ஒரு கட்டம் இருப்பதால் ‘என்னமோ மாதிரி இருக்கான்’ என்பதை எழுத ஒரு இடம் கிடைத்தது. நேற்றைய 1, இன்றைய 3 என்று பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. எட்டாம் கட்டில் பையனுக்கு அன்றைக்கு இருந்திருந்தால், அவன் எண் சரியா என்று பார்க்காமல், அவன் நேற்று எப்படி இருந்தான் என்று பார்த்திருப்பேன்.

டாக்டரைக் கூப்பிடுவதும் ஒரு வேலைதான், யாரும் சொல்லித் தருவதில்லை. ராத்திரி மூன்று மணிக்குப் போன் அடிக்கப் பயந்து ஐந்து வரை காத்திருந்த நாட்கள் உண்டு. அதே இளம் டாக்டர்தான் சொன்னார்: ‘அக்கா, “ஒரு மாதிரி இருக்கான், வந்து பாருங்க”ன்னா எனக்குப் பாதித் தூக்கத்துல ஒண்ணும் ஏறாது. நம்பரைச் சொல்லுங்க, தூக்கம் தானாக் கலையும்.’ இப்போது போனை எடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். இப்படி: ‘சார், ஆறாம் கட்டில், ஏழு வயசு, ஆஸ்துமா. பதினொண்ணுக்கு மூச்சு 32, இப்ப 44. 6 லிட்டர்ல 93. நெஞ்சுல சத்தம் இல்ல. பேச முடியல. நீங்க இப்பவே வரணும்.’ கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் எனக்கு வருஷக்கணக்கானது. ‘முடிஞ்சா வாங்க சார்’ என்றே பழகின வாய்.

அம்மாக்கள், அப்பத்தாக்கள் பேசுவதையும் நான் இப்போது அப்படியே மேற்கோள் போட்டுச் சார்ட்டில் எழுதுகிறேன். ‘நெஞ்சு பள்ளம் விழுது’ என்றால் விலாவுக்கு நடுவில் உள்ளே இழுக்கிறது. ‘மூக்கு விடைக்குது’, ‘ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுறான்’, ‘கண்ணு சொருகுது’, ‘வெறிக்க வெறிக்கப் பாக்குறான்’ எல்லாமே நாங்கள் வகுப்பில் வேறு பெயரில் படித்த அறிகுறிகள்தான். எங்களைவிட அவர்கள் முன்னால் பார்த்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஷிஃப்ட் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-ல் ரயன் சாண்டர்ஸ் என்ற மூன்று வயதுகூட ஆகாத குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தது. மோசமாகிறான் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு அங்கே, டாக்டரும் நர்ஸும் சொன்னதில் திருப்தி இல்லை என்றால் வீட்டார் தாங்களே வேறொரு மருத்துவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று அவன் பெயரிலேயே விதி வந்தது. நம் ஊரில் விதி இல்லை. அதனால் இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: ‘சிஸ்டர், எம்புள்ள இப்படி இருக்க மாட்டான், நேத்து இருந்ததுக்கு இது வேற, ஒரு தடவ தொட்டுப் பாருங்க’ என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனான், எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு குடித்தான் என்று மொபைலில் குறித்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். தூங்கட்டும் விடு என்று என்னை மாதிரி யாராவது சொன்னால், அடுத்த சிஸ்டரைக் கேளுங்கள்.

போன வாரம் நைட். என்னோடு புதுசாகச் சேர்ந்த பெண், குன்றக்குடிக்காரி. நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிக்கும்போது மூன்றாம் கட்டில் சார்ட்டைக் கொண்டுவந்தாள். மூச்சு என்ற இடத்தில் 24 என்று எழுதி அடித்துவிட்டு 31 என்று எழுதியிருந்தாள். ‘பழக்க தோஷம்க்கா. திரும்பப் போயி எண்ணுனேன்’ என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் நானும் எண்ணினேன், 32. ஐந்து வயதுப் பையன், நிமோனியா. நேற்று இதே நேரம் 38. பாதம் வெதுவெதுப்பு. தெர்மாமீட்டரை அக்குளில் வைக்கப் போனேன். கண்ணைத் திறக்காமலே என் கையை எட்டி உதைத்து, ‘போடி அங்கிட்டு’ என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அம்மா பதறி எழுந்து, ‘ஏய், சிஸ்டரை அப்படிச் சொல்லக் கூடாது’ என்று அதட்டினது.

நடத்தைக் கட்டத்தில் 0 போட்டேன்.